துணியின் பின்பக்கத்தில் இருக்கும் கணக்கு

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டேன். கணக்கு இன்னும் பிடிக்கும், படம் வரையப் பிடிக்கும், எம்பிராய்டரியும் கொஞ்சம் போடுவேன். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தை ரசிக்க ஆசை. தேடினால் ஃபிபனாச்சி சுருளும் தங்க விகிதமும்தான் வந்து நிற்கின்றன. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:

முதலில் அந்தச் சுருளை ஓரமாக வைத்துவிடுங்கள். தலையணை உறையில் 'பை' குறியையும் அதன் தசமங்களையும் தைத்து வைப்பதையும் அதோடு சேர்த்து வையுங்கள். அழகாக இருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கணக்கைத் துணிமேல் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே இடத்தில் ஒரு ரோஜாப்பூ போட்டாலும் ஊசிக்கு வேலை ஒன்றுதான். ஊசி நகர்வதே கணக்காக இருக்கும் இடத்தைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தப் பழக்கத்தை எனக்கு உண்டாக்கியவர் கணக்கு டீச்சர் இல்லை, ஆறாம் வகுப்புத் தையல் டீச்சர். கைக்குட்டையில் பூப்போட்டுக் கொண்டுபோய் நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வாங்கிய வேகத்தில் திருப்புவார். பின்னால் நூல் குறுக்கே பாய்ந்திருந்தாலோ முடிச்சு புடைத்துக்கொண்டிருந்தாலோ, "பிரிச்சிட்டு வா" என்பார். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு நானே கல்லூரியில் கணிதம் எடுக்கப் போய், விடைத்தாள் கட்டுகளைத் திருத்தும்போது புரிந்தது: முன்பக்கம் விடை, பின்பக்கம் செய்முறை. அவர் செய்முறைக்குத்தான் மார்க் போட்டிருக்கிறார்.

சாதாரண ஓட்டுத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி மேலே வருகிறது, கொஞ்சம் நகர்ந்து கீழே போகிறது, கீழே கொஞ்சம் நகர்ந்து மறுபடி மேலே வருகிறது. நூல் வைக்கும் அடிகளை எண்ணினால் 1, 3, 5 முன்பக்கம் விழும். 2, 4, 6 பின்பக்கம் விழும். நாம் கவனிக்காவிட்டாலும் ஊசி ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணிக்கொண்டேதான் போகிறது. இந்த ஒரு விதியே நெடுந்தூரம் கூட்டிக்கொண்டு போகும்.

முதலில் தார்வாடுக்குப் போவோம். வட கர்நாடகத்தில் இல்கல் சேலைகளில் போடும் கசூதி வேலையைப் பார்த்திருப்பீர்கள்: கோபுரம், தேர், அம்பாரி வைத்த யானை, துளசி மாடம், எல்லாம் சின்னச் சின்ன நேர்கோடுகளால் ஆனவை. துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணித்தான் போடுவார்கள். அதில் நான்கு வகைத் தையல். மெந்தி என்றால் வெந்தயம். பெயர் அப்படியே தவிர, போடுவது நம் கிராஸ் ஸ்டிச்தான். நேகி, நெய்தது மாதிரித் தெரியும் ஓட்டுத்தையல். நம் 'நெய்' என்ற சொல்லின் உறவு. மற்ற இரண்டும்தான் நமக்கு முக்கியம்: கவந்தி, முர்கி. முர்கி படிக்கட்டுப் போல வளைந்து வளைந்து போகும். கவந்தியில் கோடு போகும்போது ஒன்று விட்டு ஒன்றாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போய், திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்புவார்கள். போகும்போது முன்னால் இடைவெளி விட்ட இடத்தில் பின்னால் நூல் இருக்கிறது. திரும்பும்போது அது நேர்மாறாகும். வேலை முடிந்தால் இரண்டு பக்கமும் ஒரே கோடு. முடிச்சு கிடையாது, நூல் நுனியைத் தையலுக்குள்ளேயே செருகி மறைத்துவிடுவார்கள். முந்தானை என்பது இரண்டு பக்கமும் கண்ணில் படும் துணி. அங்கே 'கெட்ட பக்கம்' என்று ஒன்று இருந்தால் தோளில் கிடக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

என் முதல் கவந்தி ஒரு சின்னச் சதுரம். பக்கத்துக்கு 3 தையல், மொத்தம் 12. ஒரு சுற்றுப் போய்த் தொடங்கிய துளைக்கே வந்து சேர்ந்தேன். முன்னால் 6, பின்னால் 6. இன்னொரு சுற்று அதே திசையில் ஓடினால் இடைவெளியெல்லாம் நிரம்பிவிடும் என்று நினைத்தேன். நிரம்பவில்லை. ஏற்கனவே நூல் இருந்த இடத்தின் மேலேயே மறுபடி நூல் விழுந்தது. நாலு தையல் போட்ட பிறகுதான் கவனித்தேன். காரணம் எளிது: 12 இரட்டைப்படை எண். 13ஆவது அடி ஒற்றைப்படை, அதனால் முன்பக்கம் விழும். அது விழவேண்டிய இடமோ முதல் அடி விழுந்த இடம், அதுவும் முன்பக்கம். சதுரத்துக்குப் பதில் பக்கத்துக்கு 3 தையல் வைத்த முக்கோணம் போட்டிருந்தால் மொத்தம் 9. 10ஆவது அடி பின்பக்கம் விழுந்து எல்லாம் தானாக நிரம்பியிருக்கும். ஒற்றைப்படைச் சுற்றை அப்படியே இரண்டு முறை ஓடலாம். இரட்டைப்படைச் சுற்றில் வந்த வழியே திரும்பத்தான் வேண்டும்.

திரும்புவது எப்போதும் கைகொடுக்குமா? கொடுக்கும். ஏன் என்று பாருங்கள். இந்தப் பதிலில் நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான். கிளை பிரியும் ஒரு வடிவம் இருக்கிறது என்று வையுங்கள், மரம் மாதிரி. ஒரு கிளைக்குள் நுழைகிறீர்கள். ஒரு தையல் வைக்கிறீர்கள். அதற்கு அப்பால் இருப்பதையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு அதே தையலின் வழியாகத் திரும்புகிறீர்கள். அப்பால் இருந்த ஒவ்வொரு தையலிலும் போக ஒரு முறை, வர ஒரு முறை என்று இரண்டு அடி வைத்திருப்பீர்கள். ஆகவே இடையில் வைத்த அடிகள் எத்தனையாக இருந்தாலும் அது இரட்டைப்படை. போன அடி முன்பக்கம் என்றால் திரும்பும் அடி கட்டாயம் பின்பக்கம். போன அடி 7 என்றால், இடையில் 20 அடி வைத்துவிட்டு, திரும்பும் அடி 28. வழியில், ஏற்கனவே தொட்ட துளைக்கே கொண்டுபோய்விடும் கோடு ஒன்று குறுக்கிட்டால் அதில் ஓரடி போய் உடனே திரும்பிவிடுங்கள். அப்போதும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக, துண்டு துண்டாகப் பிரியாத எந்தக் கோட்டுவடிவத்தையும் ஒரே நூலில், இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்படி, தொடங்கிய துளையிலேயே முடியும்படி தைக்கலாம். எவ்வளவு சிக்கலான கோபுரமானாலும் சரி.

கணித மேதை ஆய்லர் நினைவுக்கு வந்திருப்பார். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் 7 பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியாது என்று அவர் 1736இல் காட்டினார். நான்கு நிலப்பகுதிகளுக்கும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்கள் இருந்ததுதான் தடை. கவந்திக்காரிக்கு அந்தத் தடை இல்லை. அவள் ஒவ்வொரு பாலத்தையும் இரண்டு முறை கடக்கிறாள், ஒரு முறை துணிக்கு மேலே, ஒரு முறை கீழே. எல்லா ஒற்றைப்படையும் இரட்டிப்பாகி இரட்டைப்படை ஆகிவிடுகிறது. ஆய்லர் முடியாது என்று நிறுவிய அந்த ஏழு பாலப் படத்தையே கவந்தியில் போட்டு மாட்டி வையுங்கள். அந்த வேலையை நான் இரண்டு பேருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன். கணக்கு தெரிந்தவர் உடனே துணியைத் திருப்பிப் பார்த்தார், தையல் தெரிந்தவரும் உடனே திருப்பிப் பார்த்தார்.

கோலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் பாதி தெரிந்த விஷயம். சிக்குக் கோலத்தில் இழைகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு கைகள், அதாவது நான்கு பக்கம் பிரியும் கோடுகள். அதனால்தான் இழை எங்கும் அறுந்து நிற்காமல் சுற்றி வந்து சேர்கிறது. அது ஒரே இழையாக முடியுமா, மூன்று நான்கு இழையாகப் பிரியுமா என்பது வேறு கேள்வி. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் கோலங்களை ஒரு மொழியாகவே எடுத்துக்கொண்டு, அதற்கு இலக்கணம் எழுதி ஆய்ந்தார்கள். ஆனால் கோலத்தைத் துணிக்குக் கொண்டுவரும்போது ஒன்றை மறக்கக்கூடாது. மாவுக்குப் பின்பக்கம் கிடையாது, நூலுக்கு உண்டு. சிக்குக் கோலத்தின் இழை வழியே ஓட்டுத்தையலில் ஒரு சுற்று வந்து நிறுத்தினால் பாதிக் கோலம்தான் முன்னால் தெரியும். மீதிப் பாதி உள்ளே இருக்கும்.

இதே கவந்தி ஐரோப்பாவில் ஓர் ஓவியரின் பெயரால் வழங்குகிறது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெள்ளை லினன் துணியில் கறுப்புப் பட்டு நூலால் போடும் வேலை பெரிய நாகரிகமாக இருந்தது. எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன், ராணி ஜேன் சீமோரை வரைந்த படம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1536-37இல் வரைந்தது. மணிக்கட்டுச் சுருக்குகளில் அந்தக் கறுப்பு வேலையை அவ்வளவு நுட்பமாகத் தீட்டியிருக்கிறார். அதனால் தையலுக்கே ஹோல்பைன் தையல் என்று பெயர் வந்துவிட்டது. மணிக்கட்டுச் சுருக்கும் முந்தானை மாதிரிதான். விரிந்து நிற்கும்போது இரு பக்கமும் தெரியும். தார்வாடிலும் லண்டனிலும் ஒரே தேவை, ஒரே தையல். ஓவியத்தை ரசிக்கும் உங்களுக்கு ஒரு சின்ன வேலை: பழைய ஐரோப்பிய முகப்படங்களைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கைநுனியையும் கழுத்துப்பட்டியையும் பாருங்கள். ஓவியர் அந்தக் கட்டங்களை எண்ணித்தான் வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

நீலகிரித் தோடர் பெண்களின் எம்பிராய்டரி வேறு கட்சி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இவர்களும் வரைந்துகொள்ளாமல் இழை எண்ணித்தான் போடுகிறார்கள். வேலை தைத்தது போலவே இருக்காது, தறியில் நெய்தது போல இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அவர்கள் நல்ல பக்கமாக எடுத்துக்கொள்வது நாம் பின்பக்கம் என்று சொல்லக்கூடிய, நூல் சற்றே மேடாக நிற்கும் பக்கத்தை! என் தையல் டீச்சர் ஊட்டிக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அடுத்தது ஜப்பான். இதற்கு நீங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க வேண்டும். சாஷிகோ என்பது வட ஜப்பானில் குளிருக்கும் கிழிசலுக்கும் துணியை அடுக்கி, நீலத் துணியில் வெள்ளை நூலால் போட்ட ஓட்டுத்தையல். அதில் ஹிட்டோமெஸாஷி என்று ஒரு வகை உண்டு. கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். ஒவ்வொரு கிடைக்கோட்டுக்கும் 0 அல்லது 1 என்று ஓர் எண் கொடுங்கள். 1 என்றால் கோட்டை ஒரு தையலோடு தொடங்கவேண்டும், 0 என்றால் ஓர் இடைவெளியோடு. தொடங்கியபின் ஒரு கட்டம் தையல், ஒரு கட்டம் இடைவெளி என்று மாறி மாறி விளிம்பு வரை. பிறகு செங்குத்துக் கோடுகளுக்கும் இதையே செய்யுங்கள். அவ்வளவுதான் விதி. வேறெதையும் நீங்கள் தீர்மானிக்கப் போவதில்லை.

கிடைக்கோடுகள் மட்டும் முடிந்த நிலையில் துணி தூறல் விழுந்த தரை மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. நெட்டுக்கோடுகள் ஏற ஏறத்தான் வடிவம் எழும்பும். எல்லாவற்றுக்கும் 1 கொடுத்தால் தனித்தனிப் பெட்டிகள். இரண்டு திசையிலும் 0, 1, 0, 1 என்று மாற்றிக் கொடுத்தால் மூலைவாட்டில் இறங்கும் படிக்கட்டுகள். தாறுமாறாகக் கொடுத்தால் பூவும் தீவும் வளைகுடாவுமாக ஒரு வரைபடம். நாணயம் சுண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. நான் செய்வது அசை பிரிப்பது. நேரசைக்கு 0, நிரையசைக்கு 1. தாமரை என்றால் தா, மரை: 0, 1. அரளி என்றால் அர, ளி: 1, 0. கனகாம்பரம் என்றால் கன, காம், பரம்: 1, 0, 1. மூன்று பூவுக்கு ஏழு கோடு வந்துவிட்டது. பூப்போட்ட துணி என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரு பூவும் தெரியாது.

சரி, தாறுமாறாக எண் கொடுத்தும் ஏன் இவ்வளவு ஒழுங்கான வடிவம் வருகிறது? ஏதாவது ஒரு சந்திப்புப் புள்ளியைப் பாருங்கள். அதன் வழியாகப் போகும் கிடைக்கோட்டில் தையலும் இடைவெளியும் மாறி மாறி வருவதால், புள்ளியின் இடப்பக்கம் அல்லது வலப்பக்கம், ஏதோ ஒரு பக்கம் மட்டும் தையல் இருக்கும். நெட்டுக்கோட்டிலும் அப்படியே, மேலே அல்லது கீழே. ஆக ஒவ்வொரு புள்ளியிலும் சரியாக இரண்டு கைகள், ஒன்று கிடையாக, ஒன்று நெட்டாக. இரண்டே கைகள் இருப்பதால் கோடு எங்கும் கிளை பிரியாது, நடுவில் அறுந்தும் நிற்காது. ஒன்று, சுற்றி வந்து மூடும். இல்லாவிட்டால் துணி விளிம்புக்கு ஓடிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் கட்டாயம் ஒரு திருப்பம். இந்த ஒரே காரணத்தால் எந்த ஹிட்டோமெஸாஷி படத்தையும் இரண்டே வண்ணங்களில், பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒரே நிறம் ஆகாமல் தீட்டிவிடலாம். ஊசி எடுக்கப் பொழுதில்லாத நாளில் நான் பேனாவால் கோடு போட்டு வண்ணப் பென்சிலால் தீட்டுவேன். அரைமணி நேரத்தில் ஒரு படம்.

மூடிய வளையங்களில் இன்னும் ஆழமான சங்கதி ஒளிந்திருக்கிறது. அவற்றின் சுற்றளவு 4, 12, 20, 28 என்றுதான் வரும், 8ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 4. உள்ளே அடைபடும் கட்டங்களோ 4ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1. ஒற்றைப் பெட்டியைப் பாருங்கள்: சுற்றளவு 4, கட்டம் 1. கூட்டல் குறி வடிவம்: சுற்றளவு 12, கட்டம் 5. ஜப்பானியக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட தையலில் இருந்த இந்த உண்மைக்கு நிரூபணம் எழுதியவர்கள் கொலின் டெஃபன்ட், நோவா கிராவிட்ஸ் என்ற இரண்டு கணிதர்கள், அதுவும் அண்மைக் காலத்தில்தான். நிரூபணத்தைப் படிக்கும் முன் பத்து வளையங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது துணியைத் திருப்புங்கள். முன்னால் தையல் இருந்த இடமெல்லாம் பின்னால் இடைவெளி, இடைவெளி இருந்த இடமெல்லாம் தையல். எல்லா 0வும் 1 ஆகி, எல்லா 1உம் 0 ஆகிவிட்டது. அதுவும் ஒரு முழுமையான ஹிட்டோமெஸாஷி படம்தான், நீங்கள் யோசித்தே பார்க்காத படம். கவந்தி இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்லும். இது ஒரே நூலில் இரண்டு படம் போடும். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு, தைத்து முடித்தபின் ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். பாதி நேரம் எங்காவது ஒரு கட்டம் பிசகியிருக்கும். தப்பு முன்னால் தெரியாது, பின்னால்தான் தெரியும்.

குழந்தைகள் வீட்டில் இருந்தால் அட்டையும் நூலும் போதும். நல்ல தடித்த அட்டையில் செங்கோணமாக இரண்டு கோடு போட்டு, மூலையிலிருந்து வெளியே 1 முதல் 10 வரை துளை இடுங்கள். ஒரு கோட்டின் 1ஐ மற்றதன் 10ஓடு, 2ஐ 9ஓடு, 3ஐ 8ஓடு என்று நேர்நூலால் சேர்த்துக்கொண்டே போனால், எண்கள் எப்போதும் கூட்டினால் 11. பத்து நேர்கோடு, ஆனால் கண்ணுக்குத் தெரிவது வழவழப்பான ஒரு வளைவு. அது பரவளையம். ட்ரூடைப் வகை எழுத்துருக்களில் எழுத்தின் வளைவுகளைக் கணினி கட்டுவதும் இதே கணக்கில்தான். பின்பக்கத்தைப் பாருங்கள்: நூல் 10இலிருந்து பக்கத்துத் துளை 9க்குத் தாவி முன்னால் வந்து, எதிர்க்கோட்டின் 2இல் இறங்கி, பக்கத்தில் 3க்குத் தாவி... பின்னால் வளைவின் சுவடே இருக்காது. இரண்டு கோட்டின்மேல் ஒன்று விட்டு ஒன்றாகச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் மட்டும். அங்கே பெரிய பெரிய நூல் குறுக்கே ஓடினால் குழந்தை சுற்றுவழியில் போயிருக்கிறது என்று பொருள்.

இந்த அட்டைத் தையலைக் குழந்தைகளின் கணக்குக் கல்விக்குக் கொண்டுவந்தவர் மேரி எவரெஸ்ட் பூல். தர்க்க இயற்கணிதம் தந்த ஜார்ஜ் பூலின் மனைவி. 1864இல் கணவர் இறந்தபோது கையில் ஐந்து பெண் குழந்தைகள். லண்டனில் பெண்கள் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்துகொண்டு, பிள்ளைகளுக்குக் கையால் கணக்கு சொல்லிக்கொடுத்தார். சமன்பாட்டைப் பார்க்கும் முன்னால் விரல் அந்த வளைவைப் பழகியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பெயரில் உள்ள எவரெஸ்ட், சிகரத்தின் எவரெஸ்ட்தான். இந்திய நில அளவையின் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் இவருக்குப் பெரியப்பா முறை. மேரியின் மகள் அலீசியா பூல் ஸ்டாட் கல்லூரிப் படி ஏறாமலே நான்கு பரிமாண வடிவங்களை மனக்கண்ணால் பார்த்து, அவற்றின் வெட்டுமுகங்களை அட்டையில் செய்துவைத்தவர். அட்டையும் நூலும் கிடந்த வீடு அது.

குரோஷே தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால் இதற்காகவே கற்றுக்கொள்ளலாம், சிங்கிள் குரோஷே ஒன்று போதும். யூக்ளிட் சொன்னபடி ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம். 19ஆம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போயாயும் இந்த விதியை விட்டுவிட்டு வேறொரு வடிவியலைக் கட்டினார்கள்: ஒரு புள்ளி வழியாக எத்தனை இணைகோடு வேண்டுமானாலும். தாளில் சரி, கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி? காகிதத் துண்டுகளை ஒட்டி மாதிரி செய்தார்கள், தொட்டாலே கிழிந்தது. கார்னல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதர் டைனா டைமினா 1997இல் குரோஷே ஊசியை எடுத்தார். விதி ஒரே வரி: ஒவ்வொரு 5 கண்ணிக்கும் 6 கண்ணியாகப் பெருக்கிக்கொண்டே போ.

இதன் வேகம் கைக்குத்தான் தெரியும். 20 கண்ணியில் தொடங்கினால், நான்கு வரிசைக்கு ஒருமுறை நீளம் இரட்டிப்பாகி, இருபதாவது வரிசை முடியும்போது ஏறத்தாழ 767 கண்ணி. நான் முதலில் ஒரு நூல்கண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது வரிசையில் நூல் தீர்ந்து கடைக்குப் போனேன். 'எக்ஸ்போனென்ஷியல்' என்று எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அது தோளில் வலித்தது அன்றுதான். துணிக்கு விரிய இடமில்லாமல் கோழிக்கொண்டைப் பூ மாதிரி சுருண்டு சுருண்டு நிற்கும். அதை எங்கே மடித்தாலும் மடிப்பு ஒரு நேர்கோடு. ஒரு மடிப்பின்மேல் வேறு நிற நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். அதற்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி வழியாக மூன்று விதமாக மடித்து, மூன்றையும் தையுங்கள். மூன்றும் முதல் கோட்டைத் தொடாமல் விலகி ஓடுவதைப் பார்க்கலாம். முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிப் போடுவதால் இந்தத் துணிக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் லாஸ் ஏஞ்சல்ஸில் 2005இல் தொடங்கிய பவளப்பாறைத் திட்டம் இதிலிருந்து கிளைத்ததுதான். பவளமும் ஓடில்லாத கடல் நத்தையும் இதே மாதிரிதான் சுருண்டு வளர்கின்றன. அவர்கள் விதியைக் கொஞ்சம் கொஞ்சம் பிசகவிட்டு, நூலால் ஒரு பவளத்திட்டையே வளர்த்துக் காட்டினார்கள். 2019 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி வரை போனது. கணித விதியைச் சுத்தமாகப் பின்பற்றியவற்றைவிடப் பிசகியவைதான் எனக்கு அழகாகத் தெரிகின்றன, ஒரு கணக்கு ஆசிரியை சொல்லக்கூடாததுதான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹிங்கே ஓசிங்கா, பெர்ன்ட் கிராவ்ஸ்கோஃப் தம்பதி, வானிலைக் கணக்கில் பிறந்த லோரன்ஸ் சமன்பாடுகளிலிருந்து வரும் ஒரு மேற்பரப்பைக் குரோஷே போட்ட கதையும் உண்டு: 25,511 கண்ணி, 85 மணி நேரம். கணினி கொடுத்த எண்களே குரோஷே குறிப்பாக மாறின. அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. படத்தில் பார்த்ததோடு சரி.

வாங்கவேண்டியது அதிகமில்லை. கட்டம் தெரியும் மேட்டி துணி அரை மீட்டர், முனை மழுங்கிய ஊசி, துணிக்கு எடுப்பான ஒரே நிறத்தில் எம்பிராய்டரி நூல். ஆறு இழையில் இரண்டு இழை பிரித்து எடுத்தால் போதும். முதலில் ஹிட்டோமெஸாஷி, பிறகு கவந்தியில் ஏழு பாலம், குரோஷே அப்புறம். வரிசையை மாற்றினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

கடைசியாக, பின்பக்கமே இல்லாத துணி ஒன்றைத் தைத்துப் பாருங்கள். ஒரு முழம் ரிப்பன் வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருப்பதாக. ஒரு முனையை அரைத்திருப்பு முறுக்கி மற்ற முனையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். மோபியஸ் பட்டை. இப்போது அதன் நடுவே, சம இடைவெளியில் துளைகளைக் குறித்துக்கொண்டு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போங்கள். சதுரத்தில் எனக்கு என்ன நடந்தது என்று மேலே சொன்னேன்: இரட்டைப்படைச் சுற்றை அதே திசையில் மறுபடி ஓடினால் நூல் மேல் நூல் விழும், ஒற்றைப்படைச் சுற்று என்றால் நிரம்பும். இந்தப் பட்டையில் அது தலைகீழ். ஒரு சுற்று முடிந்து தொடங்கிய துளைக்கு வரும்போது ஊசி ஏற்கனவே 'மறுபக்கத்துக்கு' மாறிவிட்டிருக்கும். 24 துளை வைத்தால் இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு இடைவெளியாகத் தானே நிரம்பிக்கொண்டு போகும், திரும்பி வரவே வேண்டாம். 25 வைத்தால் ஒரே சுற்றில் தையலும் இடைவெளியும் கச்சிதமாகப் பொருந்தி மூடிக்கொள்ளும், அதற்குமேல் எத்தனை சுற்று ஓடினாலும் போன தடத்திலேயேதான் நூல் விழும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, பட்டையை நடுத்தையல் வழியே கத்தரியால் நீளவாக்கில் வெட்டுங்கள். வெட்டும் முன், எத்தனை துண்டு வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.